கழுவிக் கொண்டுபோன எஞ்சின்

வெள்ளிக்கிழமை காலையில் என் கெப் வண்டிக்கு அடியில் எஞ்சின் ஒயில் சொட்டியிருந்தது. மறுநாள் மனைவியைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவளுக்குக் காலில் மாவுக்கட்டு. பஸ்ஸில் ஏற முடியாது.

வெள்ளிக்கிழமை வழக்கப்படி எஞ்சினைக்கூடக் கழுவி, சந்தனம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் மடவளை கராஜுக்குப் போனேன். வண்டி திருத்தும் நானா பொனட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

“என்ன அண்ணே, மாப்பிள்ளை மாதிரி கொண்டு வந்தீக்கிறீங்க? கழுவினா எங்க லீக்குன்னு நான் எப்புடிப் பாக்குற?”

ஒயிலை நிரப்பி, லீக் மறுபடி தெரிவதற்காகக் குண்டசாலை வரை ஓட்டி வரச் சொன்னார். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்கு ஒயில் போகாவிட்டால் எஞ்சினே போய்விடுமே என்று வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டேன். திரும்பி வந்ததும் அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். டர்போவிலிருந்து ஒயில் இறங்கும் குழாயின் மூட்டில் புதிதாக ஈரம் மினுங்கியது. அங்கே கசிவை அடைக்கும் கேஸ்கட்டை மாற்றிப் பூட்டினார்.

“நாளைக்கிக் காலையில பாருங்க. அதுவரைக்கும் கழுவ வாணாம்.”

மறுநாள் சாமி கும்பிட்டுவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்தேன். தரை காய்ந்திருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. வழி நெடுக என் கண் ஒயில் குறைந்தால் எரியும் லைட்டிலேயே இருந்தது.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றாள் மனைவி.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிய பிறகுதான் முருகனுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வந்தது.