கூடவே அனுப்பிய சிவப்பு நோட்டு

அந்த நோட்டை நெருப்புக்கு அனுப்பியது நான்தான். வேறு யார் மேலாவது பழியைப் போட்டுவிட முடியுமா என்று பார்த்திருக்கிறேன். நிற்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். ஆட்கள் வந்த நேரமும் போன நேரமும் எழுதுவது உத்தியோகம். ஆனால் அவரை ஊருக்கெல்லாம் தெரியவைத்தது, மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிய மாயாஜாலத் தொடர்கதை. மலைக்கு அடியில் ஒரு நகரம், இறக்கை முளைத்த யானை, தூங்கினால் கல்லாகிப் போகிற ராஜகுமாரன், இப்படி ஏதேதோ. ஈரோட்டு மஞ்சள் மண்டியிலிருந்து லெட்டர் வரும், மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டியிலிருந்து வரும். பஸ்ஸில் ஏறினால் முன்பின் தெரியாதவர் எழுந்து இடம் கொடுத்து, "ஏனுங்க, அந்த ராஜகுமாரன் பொழைச்சுக்குவானுங்களா?" என்று கேட்பார். இவர் வாயெல்லாம் சிரிப்பாக, "பாக்கலாமுங்க" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சிரிப்பில் கால்வாசியை வீட்டில் காட்டினால் என்ன கேடாம்?

நான் அந்தக் கதையில் ஒரு வரி படித்ததில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை, எட்டாவது பாஸ் செய்தவள். வீம்பு, வேறென்ன. காலையில் மில்லின் முதல் சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து, நான் வைத்த காபியை ஆறவிட்டு, சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துத் தனித்தாளில் நகல் எடுத்துத் தபாலில் சேர்ப்பார்.

"அவ ஒருத்தி, நான் ஒருத்தி. ஆரு வேணும்னு இன்னிக்கே சொல்லிப்போடுங்க" என்பேன், நோட்டைக் காட்டி.

"நீதான் அம்மணி, வேற ஆரு" என்பார். தலையைத் தூக்க மாட்டார். அந்த நோட்டுக்குச் சக்களத்தி என்றே பெயர் வைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் ஓடிய தொடர் ஒரு தை மாதம் முடிந்தது. அப்பாடா என்றிருந்தேன். அதற்குப் பிறகும் மனுஷர் நோட்டும் கையுமாகத்தான் இருந்தார். புத்தகமாகப் போடுவதற்குப் பழைய கதையைத் திருத்துகிறார் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. மில்லுக்குக் கிளம்பி, ஒரு காலில் செருப்பை மாட்டியவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "என்னமோ பண்ணுது அம்மணி" என்றார். டாக்டரைக் கூட்டிவர ஓடினவர்கள் திரும்புவதற்குள் முடிந்துபோயிற்று. நாற்பத்துநாலு வயது. எனக்கு அழுகையே வரவில்லை. இன்னொரு செருப்பை எடுத்து அவர் காலில் மாட்டிக்கொண்டிருந்தேனாம். மற்றவர்கள் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. போனவர் ஆசையாகக் கையில் வைத்திருந்த பொருளை அவரோடு சேர்த்து எரித்துவிட வேண்டும். வீட்டில் தங்கினால் அதைத் தேடிக்கொண்டு அவர் வாசலையே சுற்றுவார் என்று பயம். மாமனாரோடு பொடி டப்பா போயிற்று, மாமியாரோடு வெற்றிலைப் பெட்டி. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பதால் கொடுப்பதை வாசலிலேயே கொடுத்துவிடுவோம். பாடையைத் தூக்கும்முன் என் கொழுந்தனார் அண்ணனின் மூக்குக் கண்ணாடியையும் பேனாவையும் வைத்தார். நோட்டைக் கையில் எடுத்தவர் தயங்கினார்.

"அண்ணி, இது மட்டும் இருக்கட்டுமுங்களா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! இருந்த வரைக்கும் பங்கு போட்டுக்கொண்டது பத்தாதா? வெடுக்கென்று பிடுங்கி என் வீட்டுக்காரர் நெஞ்சின்மேல் வைத்தேன். "இவளையும் கூட்டிக்கிட்டே போங்க!" என்று கத்தினேன். கூடியிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் பத்திரிகை ஆசிரியர் மெட்ராஸிலிருந்து வந்தார். துக்கம் விசாரித்தார். கொழுந்தனார் கொடுத்த காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர், "அந்தச் சிவப்பு நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா அம்மா?" என்றார்.

"எதுக்குங்க? அதுதான் எல்லாம் அச்சுல வந்துபோச்சுங்களே."

"அது பழைய நோட்டு அம்மா. கதை முடிந்ததுமே அதை எனக்கு அனுப்பிவிட்டார். நான் கேட்பது புதுக்கதை. நாற்பது அத்தியாயம் எழுதியாயிற்று என்று எழுதியிருந்தார்."

அதே சிவப்பு அட்டை, அதே நீளம்! இரண்டு நோட்டா? "நீங்களாச்சும் பிரிச்சுப் பாத்திருக்கக் கூடாதுங்களா?" என்று கொழுந்தனார் மேல் பாய்ந்தேன். பாவம், தடுத்தவரே அவர்தான். நடந்ததை ஆசிரியரிடம் சொன்னேன். ஒரு தாள்கூட நகல் கிடையாதா என்றேன். அவர் வெளுத்த முகத்தோடு சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தார். என் வீட்டுக்காரர் எழுதியது.

"ஆண்டவன் ஆயுள் கொடுத்தால் இதைப் பத்து வருஷம் எழுதுவேன். இதில் ராஜகுமாரன் இல்லை, யானை இல்லை. கோயமுத்தூரில் ஒரு பொம்பளை. அவள் கோபத்தில் சொல்வதெல்லாம் பலிக்கும். பேயும் பூதமும் அவள் வாசலில் கைகட்டி நிற்கும். அவள் பேச்சு முழுக்க என் மனைவியுடையது. முதலில் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் சிரித்துவிட்டால் அனுப்புகிறேன். அதுவரை ஒரு தாளும் அனுப்ப மாட்டேன்."

அய்யோ என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். சக்களத்தி என்று நான் நெருப்பில் ஏற்றியது என்னையே. பதினாறு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

நான் ஓயும்வரை ஆசிரியர் காத்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பாரே அம்மா? அந்தப் பொம்பளை கடைசியில் என்ன ஆகிறாள், மேற்கொண்டு என்ன எழுத நினைத்தார்... ஞாபகம் இருக்கிற மட்டும் சொல்லுங்கள், போதும்."

அப்போதுதான் நினைவு வந்தது. என் வீட்டுக்காரர் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சமையற்கட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷர் நோட்டோடு வந்து நின்றார். "அம்மணி, பத்து நிமிஷம் உக்காரு. ஒண்ணு படிக்கறேன்" என்றார். "தோசைக்கல்லு காயுது, நவுருங்க. எனக்கு வேற வேலை இல்லீங்களா?" என்றேன். சரி சரி என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

"சொல்ல வந்தாருங்க" என்றேன் ஆசிரியரிடம். "நான்தான் உக்காரலீங்க."