ஏரி ஒன்றும் கோயில் குளம் அல்ல

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறேன் அல்லவா? போன வாரம் என் கையெழுத்தை வைத்தே என்னை மடக்கப் பார்த்தார்கள்!

புதுவாயலுக்கு மேற்கே இரண்டு மைலில் ஓர் ஏரி. அதன் பாசனத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. வயலைப் பார்க்கப் போன அன்று கரையில் ஓர் அரசாங்க ஜீப் நின்றது. ஆபீசர் ரொம்ப மரியாதையானவர். ஏரியைத் தூர்த்து ஃபாக்டரிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். பாசனக்காரர்கள் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் போதுமாம். அவ்வளவுதானாம்!

"இன்னா சார் இது? ஏரிய மூடிட்டு உன் ஜீப்ல தண்ணி எட்த்துக்கினு வருவியா?" என்றார் தனலட்சுமி. எனக்கு அடுத்த வயல்காரர். அவருக்கு அந்த ஏரியை விட்டால் நாற்று நட வேறு தண்ணீர் கிடையாது.

"பம்ப்செட்டுக்கு ஏற்பாடு பண்றோம்மா. இது வெறும் தண்ணி. செடி, பறவை ஒண்ணுமே இல்லைன்னு ரெக்கார்டு இருக்கு" என்று ஆபீசர் ஃபைலில் இருந்து ஒரு தாளை எடுத்தார்.

என் கடிதம்!

விஷயம் இதுதான். நாங்கள் திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். குளம் என்றால் எங்களுக்குப் படிக்கட்டும் தெளிந்த தண்ணீரும்தான். ஓர் இலை மிதந்தாலும் கை பரபரக்கும். மூன்று வருஷத்துக்கு முன், கோடையில் ஏரியைத் தூர் வாரியபோது அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தேன். கோரையை வெட்டு, ஆம்பலைப் பிடுங்கு, கொட்டிக் கிழங்கைச் சேற்றோடு அள்ளு...

"ஏரின்னா செடியும் கொடியும் இருந்துக்கினுதான் இருக்கும் சாமி. இது இன்னா உங்க கோயில் கொளமா?" என்று தனலட்சுமி அப்போதே கேட்டார். காதில் வாங்கினேனா? சுத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா!

மழை பெய்தது. ஏரி கண்ணாடி மாதிரி நிறைந்தது. பூரித்துப்போய் தாலுக்கா ஆபீசுக்கு எழுதினேன் — 'ஏரியில் ஒரு களையும் இல்லை, பறவைத் தொல்லையும் இல்லை.'

அப்புறம்தான் வந்தது வினை. கோரை இல்லாத கரையை அலை அரித்தது. இலைக்கோழி என்று ஒரு நீளவால் பறவை... ஆம்பல் இலைமேல் நடக்கும், அங்கேயே முட்டையிடும். சுற்றுவட்டாரத்தில் இந்த ஏரியில் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் இறங்க ஓர் இலை இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மறு கோடையில் தனலட்சுமி சத்தியவேடு பக்கத்தில் இருக்கும் தன் அம்மா ஊர் ஏரியில் ஆம்பல் கிழங்கு தோண்டினார். ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தோம். ஒரு சாக்கு என் மடியில். "இன்னா நைனா, செத்த எலியா?" என்று கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் சேற்றில் இறங்கி நட்டோம். கரையோரம் கோரை வைத்தோம். இனிமேல் கோரையை ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கத்தை விட்டுவைப்பது என்று ஊர்கூடிப் பேசினோம். மதகையும் ஒரேயடியாகத் திறப்பதில்லை. தண்ணீர் மடமடவென்று இறங்கினால் இலையோடு முட்டையும் போய்விடும்.

முதல் வருஷம் நாலைந்து இலைகள். அடுத்த வருஷம் பூ. இந்த வருஷம்... இலைக்கோழி வந்தே விட்டது!

"உங்க கையெழுத்துதானே சார்?" என்றார் ஆபீசர்.

"என்னுடையதுதான். எழுதினது முட்டாள்தனம். அங்கே பாருங்கோ."

நீளவாலைத் தூக்கிக்கொண்டு இலைக்கு இலை நடந்துகொண்டிருந்தது. ஆபீசர் பார்த்தார்.

"ஆனா ரெக்கார்டுல இல்லையே?"

"ஒரே பேஜாரா கீதே உன் ரெக்கார்டு! கண்ணு கீதில்ல? பாரு சார்" என்றார் தனலட்சுமி.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதறவர். எழுதினதை மாத்தினா உங்க மரியாதை என்ன ஆகும்?" மெதுவாகத்தான் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். நாம் துடைத்து வைக்கிற இடத்தைத்தான் அடுத்தவன் 'காலி இடம்' என்று எழுதிக்கொள்கிறான். அதற்கு நானே சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஏரியே போகப்போகிறது, என் மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

தாளை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழேயே எழுதினேன்: 'மேலே சொன்னது என் தவறு. ஆட்சேபணை உண்டு.' அதற்கும் கீழே தனலட்சுமி தன் பெயரை எழுதினார். அதற்குள் கரையில் கூடிவிட்ட மற்ற பாசனக்காரர்களும் பின்னால் வரிசையாக நின்றார்கள். தாளில் இடம் போதாமல் திருப்பி வைத்தும் எழுதினார்கள்.

ஜீப் போய்விட்டது. திரும்பி வரும். வரட்டுமே! ஆம்பல் இலைமேல் நாலு முட்டை இருக்கிறது. அது பொரிக்கும்வரை ஒரு லாரியும் ஏரிக்குள் இறங்காது.

பொரித்த பிறகும்தான்.