கிணற்றடியில் கழுவியது

கடலுக்குப் போய்வந்த எதையும் கழுவாமல் எங்கள் வீட்டுக்குள் எடுப்பதில்லை. வலை, கத்தி, எஞ்சினில் கழற்றிய சாமான் எல்லாம் கிணற்றடிக்குப் போய்த்தான் உள்ளே வரும். கொழும்புத்துறையில் எங்கள் கிணறும் கொஞ்சம் உவர்தான். என்றாலும் கடல் தண்ணீருக்கு அது மேல் என்று கழுவியே பழகிவிட்டேன்.

முழங்கால் ஏலாமல் கடல்தொழிலை விட்ட பிறகு, என் கணவர் மகளின் பழைய லப்டொப்பில் வீடியோ பார்த்து ஒரு புது வேலை பழகினார். தீப்பெட்டியளவு பச்சைப் பலகை ஒன்று. அதில் ஈயம் உருக்கி வயர்களை ஒட்டுவார். லப்டொப்பில் புரோகிராம் எழுதி, கேபிள் வழியே அதற்குள் அனுப்புவார். கட்டிக் கிடக்கும் படகுக்குள் மழைத் தண்ணீர் ஏறினால் அது கத்த வேண்டும். என் தம்பியின் படகு ஒரு மாரியில் எஞ்சினோடு தாழ்ந்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. ஆங்கில எழுத்துகளை ஒற்றை விரலால் தேடித் தேடி, மாதக்கணக்காக எழுதினார்.

படகில் வைத்துப் பார்த்த அன்று சரியாகக் கத்தியது. சிரித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அதில் உப்புத் தண்ணீர் தெறித்திருந்தது. நான் பற்றரியைக் கழற்றி, பலகையைக் கிணற்றடியில் கழுவி, வெயிலில் காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் தம்பி வந்திருந்தபோது இவர் பற்றரியைப் போட்டார். மேசையிலேயே கத்தத் தொடங்கியது.

"அத்தான், மேசை தாழப்போகுதாம். கெதியா வள்ளத்திலை ஏறுங்கோ!"

"பொறடா. காலமை புரோகிராமிலை ஒரு இலக்கம் மாத்தினனான். அதுதான் பிழைச்சுப்போச்சு."

இலக்கத்தைப் பழையபடி மாற்றியும் கத்தியது. ஈயம் வைத்த இடங்களுக்கு நடுவில், தண்ணீர் கொதிக்கவைக்கும் எங்கள் கேத்திலின் அடியில் படிவதுபோல், வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததை நான் கண்டேன். கழுவியதைச் சொல்ல வாய்வரை வந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்தவள் கழுவிக் கெடுத்தாள் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். தேத்தண்ணி வைக்கப் போய்விட்டேன். பிறகு நாள் போகப் போக, சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அவரோ நாள்தோறும் எழுதியதையே திருத்திக்கொண்டிருந்தார். கடைசியில் லப்டொப்பை மூடி அலுமாரிக்குள் வைத்தார்.

"உது எனக்குச் சரிவராது. என்ரை மண்டைக்குக் காணாது."

போன மாரியில், நைலோன் கயிற்றின் நுனியை உருக்கி ஒட்ட, ஈயம் உருக்குகிற கோலைத் தம்பி கேட்டு வந்தான்.

"கொண்டு போ. நீயே வச்சிரு. எனக்கு இனி என்னத்துக்கு?" என்றார்.

தம்பி படலையைத் தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"இஞ்சேருங்கோ, படகிலை வச்சுப் பாத்த அண்டைக்கு அந்தப் பலகையை நான் கிணத்துத் தண்ணியிலை கழுவினனான். உப்புத்தான் கெடுத்தது."

அவர் ஏசவில்லை.

"அப்ப நான் எழுதினது சரியோ?"

"ஓம்."

"அதை முழுக்க அழிச்சுப்போட்டனே."

திரும்பவும் எழுதுங்கோவன் என்றேன். அவர் எழுத்துத் தேடிய தன் சுட்டுவிரலை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.