வேலிக்கு அந்தப் பக்கத்து நாய்

காலையில் கருவாட்டுப் பாயை விரித்ததும் லெய்லாவுக்கு அடுத்த வேலை, குனிந்து மணலைப் பார்ப்பது. பூனை எதையாவது கக்கி வைத்திருந்தால் ஈர்க்கால் கிளறி, கண்ணைச் சுருக்கித் தீர்ப்புச் சொல்வாள். “தூரத்து உச்சமுனையில பூனை சத்தி எடுத்தாலும் எனக்கு இங்க மணக்கும்” என்பாள். கேட்பவர் சிரித்தால், “சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொன்னன். காத்து இந்தப் பக்கம் அடிக்கோணும்” என்று இறங்கி வருவாள்.

குறிஞ்சிப்பிட்டியில் காற்றுக்கு என்ன குறை? களப்புத் தண்ணிக்கு மேலால் வந்து, காயும் மீனைத் தடவி, அவளுடைய முக்காட்டைத் தோணிப் பாய்போல ஊதிவிட்டுப் போகும். அப்போது பார்த்தால் அவளே கரையைவிட்டு மெல்ல மிதந்து போவது போலிருக்கும். நாட்டில் சண்டை முடிந்தபின், சண்டைக்காலத்தில் விட்டு வந்த பிறந்த ஊரான மன்னாருக்கு ஒருதரம் போய் வந்தாள். “அங்கத்தப் பூனையள் என்னைப் பார்த்து ஆரெண்டு கேக்குதுகள்” என்றதோடு சரி.

நக்கிய உரோமம் சுருண்டு வந்தால் பயமில்லை. சூடைமீன் தலை உருக்குலையாமல் வந்தால் பேராசை. மீன் ஊறும் உப்புத்தண்ணியைக் குடித்ததென்றால் நல்ல தண்ணியும் நிழலும். “நிக்காம எடுத்தா, ரத்தம் கண்டா, என்னட்டக் கேக்காதீங்க. மிருக டொக்டரிட்ட ஓடுங்க.”

நாய்க்கும் அவளிடம் விடை உண்டு. ஆனால் கிட்டப் போகமாட்டாள்.

அன்று காலை, அடுத்த வளவு றோசமேரியின் ஜிம்மி நுரை நுரையாகக் கக்கியது. பிள்ளையில்லாத வீட்டில் றோசமேரிக்கு நாள் முழுக்கக் கதைக்கக் கிடைத்த ஒரே ஆள் அந்த நாய். லெய்லா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “புல்லுத் திண்டிரிக்கும், புள்ள. ஒண்டுமில்ல.”

மதியத் தொழுகையான ளுஹர் தொழுதுவிட்டு வந்தபோதும் நாய் கழுத்தை நீட்டி நீட்டி ஓங்காளித்துக்கொண்டிருந்தது. இப்போது நுரைகூட வரவில்லை. றோசமேரி மணலில் குந்தியிருந்து அழுதாள். தூரத்தில் நின்று சொன்ன தீர்ப்பு லெய்லாவின் நாக்கில் உப்பாகக் கரித்தது. வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டால் நுழைந்தாள். இரு கையாலும் நாயின் வாயைப் பிளந்தாள். நாக்கின் அடியில் தங்கூசி நூல் சுற்றிக் கிடந்தது, மறுநுனி தொண்டைக்குள். யாரோ கரையில் போட்டுவிட்டுப் போன தூண்டிலை இரையோடு விழுங்கியிருக்கிறது.

“இழுத்தெடுங்க லெய்லாக்கா!”

“தொடாத! தூண்டில் முள்ளு உள்ளுக்க இரிந்தா குடலக் கிழிச்சிரும். ஓட்டோவக் கூப்பிடு!”

அப்போதுதான் கடலால் திரும்பிய றோசமேரியின் புருஷன் நாயைச் சாக்கில் ஏந்திக்கொண்டு போனான். பெண்கள் இருவரும் காத்திருந்தார்கள். களப்பு பாலாய் வெளுத்து, தோணிகள் வானத்தில் கட்டிப்போட்டவை போல நின்றன. லெய்லா கைகளை எதிலும் படாமல் நீட்டியபடியே இருந்தாள், அவற்றையும் காயப் போட்டவள் மாதிரி.

பின்னேரத் தொழுகையான அசருக்குச் சற்று முன் போன் அடித்தது. வயிற்றைக் கீறி முள்ளை எடுத்தாயிற்று. ஜிம்மி உயிரோடு தூங்குகிறான். றோசமேரி சிலுவை போட்டுக்கொண்டு, வாளியையும் செம்பையும் தூக்கி வந்தாள். நாயின் எச்சில் பட்டால், லெய்லாவின் மார்க்கப்படி, ஏழு தரம் கழுவ வேண்டும், ஒரு தரம் மண்ணும் சேர்த்து. அடுத்த வீட்டுக்காரிக்கும் அது தெரியும். அவள் ஊற்ற ஊற்ற லெய்லா தேய்த்தாள், கண் தோணிகளிலேயே கிடந்தது.

“ஏழு. முடிஞ்சுது” என்று கையை உதறினாள்.

“எங்க முடிஞ்சுது? இது ஆறுதான் அக்கா.”

றோசமேரி அந்தக் கைகளைப் பிடித்து இழுத்து, செம்பைச் சரித்தாள்.