தாய் உறை மறக்காதது

சீஸ் தொழிற்சாலையில் அவளை ஊமைக்கோட்டான் என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவள் அவளுடைய நாத்தனார்தான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாத்தனார் வாயாடி, அவள் இருக்குமிடத்தில் இவள் பேசவேண்டிய அவசியமே வராது.

நாத்தனாருக்கு உறை அறையில் வேலை. பால் தொட்டிகளில் கலக்கும் உறையை வளர்க்கிற சின்ன அறை அது. இவளுக்குக் கட்டடத்தின் மறுகோடியில், சீஸ் பிரிந்தபின் வடிகிற தண்ணீர் விழும் குழிப்பக்கம். குழிப்பக்கத்தாருக்கு நீல பூட்ஸ், உறை அறைக்கு வெள்ளை பூட்ஸ். நீலம் வெள்ளையின் வாசலைத் தாண்டக்கூடாது. உறையிலிருக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் அந்தத் தண்ணீரில்தான் பெருகிக் கிடக்கும்.

ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. தொலைபேசி இருந்தது உறை அறையில். இவள் நீல பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பேசி முடித்துத் திரும்பியபோதுதான் தரையில் தன் காலடி ஈரத்தைப் பார்த்தாள். நாத்தனார் தொட்டிப்பக்கம் போயிருந்தாள். இவள் தரைத் துணியை எடுத்து அழுத்தித் துடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆறு தொட்டிகளிலும் பால் பாலாகவே நின்றது.

மேலாளர் உறை அறையைச் சல்லடை போட்டுத் தேடினார். அகப்பட்டது, வாசலுக்கு வெளியே ஆணியில் தொங்கிய நாத்தனாரின் பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவும், அதில் கொஞ்சம் வீட்டுத் தயிரும். வீட்டிலிருந்துதான் வைரஸ் வந்தது என்று முடிவு கட்டினார். அந்தப் பை ஒருநாளும் வாசலைத் தாண்டியதில்லை என்று நாத்தனார் சொல்லிப்பார்த்தாள். சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். கூட்டத்தில் இவளும் நின்றாள். அன்றே நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தொட்டிகளைக் கழுவ இவளைத்தான் விட்டார்கள். ஆறாவது தொட்டியின் மூலையில் நகக்கண் அளவுக்குப் பால் இறுகியிருந்தது. கொட்ட மனம் வராமல் ஒரு குப்பியில் வழித்துவைத்தாள். அதைக் காய்ச்சிய பாலில் விட்டபோது கட்டியாக உறைந்தது. அதுதான் தொழிற்சாலையின் புதிய தாய் உறை ஆனது. கைராசிக்காரி என்று மேலாளர் இவளையே உறை அறையில் போட்டார். வெள்ளை பூட்ஸ் நாத்தனாருடையது. ஒரு அளவு பெரிது. நடக்கும்போது குதிகால் பின்னாலிருந்து தட்டும், யாரோ கூடவே வருவதுபோல.

பதினோரு வருடம் ஒரு தொட்டி கெடவில்லை. இவள் புருஷன் செத்தபோது நாத்தனார் வந்து அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, இவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள்.

இந்த உறை மட்டும் ஏன் கெடுவதே இல்லை என்று பார்க்க ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மாதிரி எடுத்துப்போய், ஒரு மாதம் கழித்துத் தாளோடு திரும்பினாள். தாளில் வண்ணக் கட்டங்கள் வரிசையாக இருந்தன.

"அன்னைக்குப் பிழைச்ச பாக்டீரியா இருக்கே அக்கா, அது தன்னைக் கொல்ல வந்த வைரஸ்ல ஒரு துண்டை வெட்டித் தன் மரபணுவுக்குள்ளயே வெச்சுக்கிச்சு. பிள்ளை, பேரப்பிள்ளைன்னு எல்லாத்துக்கும் அது போகுது. அதே வைரஸ் மறுபடி வந்தா அடையாளம் கண்டு நறுக்கிடும்."

கட்டம் ஒவ்வொன்றும் ஒரு துண்டு, புதுத் துண்டு எப்போதும் முன்னால் சேரும், பழையது பின்னால் தள்ளிப்போகும் என்று விளக்கி, ஒரு சிவப்புக் கட்டத்தில் விரலை வைத்தாள். "பதினோரு வருஷத்துக்கு முந்தினது இது. தயிர்லேருந்து வந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்காங்க. குழித் தண்ணியில இப்ப இருக்கிற வைரஸோட வெச்சுப் பார்த்தேன், அச்சு அசல் அதோட வம்சம்தான்."

இவள் கட்டத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "அழியாதா அது?"

"அதுதானே அக்கா இதைக் காப்பாத்துது," என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அதன்பின் காலையில் உறை வளரும் வெப்பப்பெட்டியைத் திறக்கவே இவளுக்குக் கை கூசியது. உள்ளே கோடிக்கணக்கான உயிர்கள். தான் துடைத்துவிட்ட ஈரம் ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கிறது. தினமும் தன் கையாலேயே அதைப் பெருக்கி, தொட்டி தொட்டியாக ஊற்றிக்கொண்டிருக்கிறாள். குதிகால் பின்னால் தட்டிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லி முடித்தாள்.

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "ஊமைக்கோட்டான் வாயைத் திறந்துட்டாங்களே," என்றாள். பிறகு, "எனக்குத் தெரியும் அண்ணி. துடைச்ச துணியில குழி நாத்தம் அடிச்சுது. நான்தான் அலசிப் போட்டேன்."

"நீ ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்." மடித்த துணியை அடுக்கில் வைத்தாள். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? யாருக்கு முன்னாடி பேசாம நின்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

மறுநாள் இவள் வெள்ளை பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். குழிப்பக்கம் போய் நீல பூட்ஸ் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டாள். அளவு சரியாக இருந்தது. மேலாளர் அறைவரை காலடி ஈரம் பளிச்சென்று விழுந்துகொண்டே வந்தது. இந்தமுறை இவள் துடைக்கவில்லை.