எந்தத் தையலில் சுத்தமாகும்?

இந்த ஊரில் தோலுக்குப் பூசணம் பிடிக்கிறது. ஏற்காட்டுக்கு வந்த முதல் மழைக்காலத்தில் அதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். சாயங்காலம் மடித்துவைத்த தோலின்மேல் காலையில் மாவு தூவினதுபோல வெள்ளை. ஜன்னலை எவ்வளவு சாத்தினாலும் பனிமூட்டம் உள்ளே வந்து துணி, தீப்பெட்டி, உப்பு எல்லாவற்றையும் நமத்துப்போக வைக்கிறது. நம் பேரணாம்பட்டுப் பக்கம் தோலுக்கு வெயில்தான் பகை. காய்ந்து விறைத்துக்கொண்டால் ஊசி இறங்காது, எண்ணெய் தொட்டுத் தடவுவோம். இங்கே துடைத்துத் துடைத்தே கை ஓய்கிறது. சரி, ஊருக்கு ஊர் காற்று வேறு என்று அதற்குப் பழகிக்கொண்டேன். மனிதர்களுக்குத்தான் பழக முடியவில்லை.

என் மகள் அமுதாவுக்கு இங்கே ஒரு ஓட்டலில் வேலை. வருகிறவர்களுக்கு ரூம் எழுதிக்கொடுக்கிறாள். அவள் அப்பா போனபிறகு என்னையும் கூட்டிவந்து மாடிவீடு ஒன்றில் குடிவைத்தாள். நம் தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்போமே, அந்த வேலை ஒன்றுதான் எனக்குத் தெரியும். வரும்போது தேன் நிறத்தில் ஒரு தோல் கொண்டுவந்தேன், அமுதாவுக்குக் கைப்பை தைக்க. காகிதத்தில் அளவு வெட்டி, தோலில் வைத்துக் கீறி, குத்தூசியைத் தட்டித் துளை போட்டேன். மெழுகு தேய்த்த நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து இறுக்க வேண்டும். மிஷின் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துவிடும். இது பிரியாது.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா சரோஜா கிண்ணத்தில் குழம்போடு ஏறிவந்தார்.

“ஏனுங்கம்மா, மடியில என்னங்க அது? தோலுங்களா?”

“ஆமாம்மா. பொண்ணுக்குப் பை தெக்கிறேன்.”

“தையல் வேலைன்னுதானுங்க உங்க பொண்ணு சொல்லுச்சு.”

“இதுவும் தையல்தாம்மா.”

கொண்டுவந்த குழம்பைத் திரும்பக் கீழேயே கொண்டுபோய்விட்டார். மறுநாள் வாசலில் நின்றபடியே சொன்னார்: “ஊட்டுக்காரரு மாலை போட்டிருக்காருங்க. தோலு ஊட்டுக்குள்ள ஆகாதுங்க. மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் கட்டி வெச்சிருங்க.” விரதம் விரதம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. கட்டிவைத்தேன். பையின் ஒரு பக்கம் தைத்தும் மறுபக்கம் திறந்தும் பிளாஸ்டிக் கவருக்குள் கிடந்தது.

வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் நம் தெரு மிகவும் நினைவுக்கு வந்தது. வெளிச்சத்துக்காக அவரவர் வாசலில் உட்கார்ந்து தைப்போம். எதிர்வீட்டுப் பத்மா என் கையைப் பார்த்துக் கத்துவாள்: “இன்னாடி, உன் தையலு சாராயம் குடிச்ச மாதிரி கோணிக்கினு போவுது?” “நீ முதல்ல கண்ணாடி போட்டுக்கினு பாருடி” என்பேன். அவளிடம் மட்டும் எனக்கு வாய் வரும். ஆனால் அந்த ஊரையும் என்னால் உயர்த்திச் சொல்ல முடியவில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுத் தண்ணீர் இறங்கி நம் கிணறுகள் உப்பானபோது, மேலத்தெருவில் தண்ணீர் கேட்டுப் போனோம். குடத்தில் படாமல் உயரத் தூக்கித்தானே ஊற்றினார்கள்? நாம் தைத்த செருப்பு அவர்கள் காலில் இருந்தது.

விரதம் முடிந்தது. சரோஜாம்மா பிரசாதத்தோடு வந்தார். போனில் ஒரு கைப்பைப் படத்தைக் காட்டினார்.

“எம்பொண்ணு கோயமுத்தூர்ல காலேஜ் சேர்ந்திருக்குதுங்க. இதே மாதிரி ஒன்னு தெச்சுக் குடுங்கம்மா. உங்க கை நொம்ப சுத்தமுங்க.”

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அளவு காட்டலாம் என்று தோலைப் பிரித்தேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

“ஐயோ, இங்க வேண்டாமுங்க. எங்கியாச்சும் வெளிய உக்காந்து தெச்சு, முடிஞ்சதும் கொண்டாங்க. முடிஞ்சுட்டா அது பைதானுங்களே, தோலுங்களா?”

கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிறவள் நான். அன்றைக்குக் கேட்டேவிட்டேன். “எந்தத் தையல்ல அது சுத்தமாவும்மா? மொதல் தையல்லயா, கடைசித் தையல்லயா?” என்றேன்.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. “அதெல்லாம் உங்களுக்குத்தானுங்க தெரியும். நல்லா நெருக்கமா போட்டுத் தைங்க” என்றார்.

என் கேள்வி அவர் காதுவரைக்கும்தான் போனது. “உங்களுக்கு நான் தெக்க மாட்டேம்மா” என்றேன். அது மட்டும் புரிந்தது. சாயங்காலம் வேலைவிட்டு வந்த அமுதாவைப் படியிலேயே நிறுத்தி, வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

“எல்லார்கிட்டயும் வாய மூடிக்கினு இருப்பியே, இங்கதான் பேசணுமா?” என்று அமுதா அழுதாள்.

“தையல்னு சொன்னவ நீ. எதுல தையல்னு ஏன் சொல்லல?”

“சொன்னா ஊடு குடுத்திருப்பாங்களாமா?”

அவள்மேல் கோபமா, அவளை அப்படிச் சொல்லவைத்தவர்கள்மேல் கோபமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இதே மலையிலுள்ள செம்மநத்தத்தில் ஒரு வீடு பார்த்தோம். காப்பித் தோட்டக்காரர் ஒருவருடையது. சின்ன வீடு, நல்ல வெளிச்சம். எல்லாம் பேசிமுடித்துக் கடைசியில் அவர் கேட்டார்: “அம்மா ஊட்ல சும்மாதானுங்களா, ஏதாச்சும் வேலை செய்யறாங்களா?” அமுதா என்னைப் பார்த்தாள். “அம்மா தைய...” என்று ஆரம்பித்தாள். நான் தலை நிமிராமலேயே சொன்னேன்: “தோல் தெக்கிறேங்க. ஊட்டுக்குள்ளதான் தெப்பேன்.”

அவர் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டினார். “ஊட்ல கேட்டுட்டுச் சொல்றனுங்க” என்றார். இன்னும் சொல்லவில்லை.

பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டோம், சமைக்க இரண்டு மட்டும் வெளியே. பேரணாம்பட்டில் தைக்கத் தெரு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. இங்கே தண்ணீர் இனிக்கிறது. நான் கதவை அகலத் திறந்துவைத்து, மூட்டைமேல் உட்கார்ந்து பையின் மறுபக்கத்தைத் தைக்கிறேன். துளை போடத் தட்டுகிற சத்தம் கீழே கேட்கும், கேட்கட்டும். அமுதா எதிர்மூட்டையில் உட்கார்ந்து, தோலின் மறுமுனையை இழுத்துப் பிடித்திருக்கிறாள்.