ஓரிரு இடங்களில் கோடை மழை

வானிலை அறிக்கை வாசிப்பவர் மேகத்தைக் கூட்டுவதும் இல்லை, காற்றைக் கிளப்புவதும் இல்லை. ஆனால் நனைந்தவர்கள் முதலில் தேடுவது அவரைத்தான். லோக்கல் சேனலில் செய்தி வாசித்தவர்கள், திருவிழா மைக்கில் அறிவிப்பு சொன்னவர்கள், 'ரயில் தாமதமாக வரும்' என்று சொல்லி முறைப்பு வாங்கியவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் திண்டிவனத்தில் ஒரு கேபிள் சேனலில் சாயங்காலச் செய்தி வாசித்தேன். கடைசியில் கொஞ்ச நேரம் வானிலை. பங்குனி பிறந்துவிட்டால் மற்ற செய்தியை யாரும் கேட்கமாட்டார்கள், அதைத்தான் கேட்பார்கள். நிலையத்தில் நான், கேமராமேன் பாலு, ஒரு போன். அந்தப் போன் நம்பரைத் திரையில் ஓடவிடலாம் என்பது முதலாளியின் யோசனை. அனுபவித்தது நான்.

சிபாரிசு

'வட கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.' கோடை முழுக்கப் பெரும்பாலும் இந்த வரிதான். முதல் வருஷம் சித்திரையில் கிளியனூரிலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். கேப்பை போட்டிருந்தார். கிணற்றில் தண்ணீர் அடியில் போய்விட்டது, பயிர் தலை சாய்ந்துவிட்டது. "பக்கத்து ஊர்ல நேத்து நல்லா பேஞ்சிதுங்க. எங்களுக்கு ஒரு பொட்டு இல்ல" என்றார்.

திட்டப் போகிறார் என்று நினைத்து, அறிக்கை சென்னையிலிருந்து வருகிறது, நான் வாசிப்பதோடு சரி, எந்த ஊர் என்று அதில் இருக்காது என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பயிர் வாடுகிற நேரத்தில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருமோ. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அது தெரியுங்கமா. இருந்தாலும் அடுத்த தபா வாசிக்கிறப்போ அந்த ஓரிரு இடத்துல கிளியனூரையும் ஒண்ணா சேத்துக்கங்க."

தூக்கில் என்ன இருந்தது

'பெரும்பாலும் வறண்ட வானிலை நிலவும்' என்று நான் வாசித்ததற்கு மறுநாள், விழுப்புரம் ரோட்டோரக் கிராமம் ஒன்றில் மட்டும் மழை கொட்டியது. அடுத்த நாள் காலையில் அந்த ஊரிலிருந்து பச்சையம்மாள் என்ற அம்மா கையில் தூக்கோடு படியேறி வந்தார். "மழை இல்லேனு சொன்ன பொண்ணு யாரு?" என்று கேட்டார். பாலு கேமராவுக்குப் பின்னால் போய்விட்டான். களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப் போட்டிருந்தாராம். இடி கேட்டதும் அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் கூப்பிடாமலே ஓடி வந்து, முறத்தாலும் கையாலும் அள்ளித் தார்ப்பாய்க்குள் சேர்த்திருக்கிறார்கள். மழையில் நின்றவர்கள் நனைந்தார்களே தவிர, காய் முக்கால்வாசி தப்பிவிட்டது. நனைந்ததை விடியுமுன்னே வேகவைத்து, விடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் விற்றுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தூக்கைத் திறந்து மேஜைமேல் வைத்தார். ஆவி பறந்தது. "நீ இன்னாமா பண்ணுவே, மேகம் உன்னக் கேட்டுக்கினா வருது? சூடா கீது, தின்னு."

துபாயிலிருந்து ஒரு தகப்பனார்

கோட்டக்குப்பத்துக்காரர் கரீம் பாய் துபாயில் வேலை பார்த்தார். மே மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை. தெருவில் பந்தல், சமையல், பத்திரிகை எல்லாம் அவர் தம்பி பொறுப்பு. திரையில் ஓடும் நம்பரைத் தம்பியிடம் வாங்கி, இவர் அங்கிருந்து எனக்குப் போன் செய்து மழை வருமா என்று கேட்பார். ஒருநாள், "சாரி, உங்களப் பேஜாரு பண்றேன். கல்யாணத்துல எனக்குனு ஒரு வேலையும் இல்லமா. மழைய விசாரிக்கிறது ஒண்ணுதான் இங்கேர்ந்து என்னால ஆவுது" என்றார். அதற்குப் பிறகு அவருக்காகவே நான் தினமும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் போனில், வாய்ப்பு ரொம்பக் குறைவுதான் என்று தைரியம் சொன்னேன்.

கல்யாணத்தன்று நண்பகலில் கிழக்கே கறுத்தது. அன்று சாயங்காலம் போன் அடித்தபோதெல்லாம் பாலுவை எடுக்கச் சொன்னேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். நிக்காஹ் முடிந்து பந்தி போடும் நேரத்தில் காற்று பந்தலைச் சாய்த்துவிட்டதாம், பின்னாலேயே மழை. தெருவில் இருந்த வீடெல்லாம் கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்த தெரு மீன்காரக் குடும்பங்களும் கூடத்தை ஒழித்துக் கொடுத்தார்கள். பிரியாணி தேக்சாக்களை ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிப்போய், வீட்டுக்கு வீடு பாய் விரித்துப் பரிமாறியிருக்கிறார்கள். கடைசியில் சொன்னார்: "கூப்பிட மறந்த வீட்லகூட எம்பொண்ணு கல்யாண விருந்து நடந்திருக்குதுமா. நான் ஊர்ல இருந்திருந்தாகூட இத்தினி பேரக் கூப்ட்டிருக்க மாட்டேன்."

கரண்ட் போன நாள்

மரக்காணத்து உப்பளத்தில் கோடைதான் அறுவடைக் காலம். பாத்தியோரம் குவித்து வைத்த உப்பின்மேல் ஒரு பெரிய மழை பெய்தால், மாசக்கணக்கில் வெயிலில் நின்று வாரியது கரைந்து ஓடிவிடும். ஒரு மே மாதம், வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கடலோரத்தில் பலத்த மழைக்கு வாய்ப்பு என்று மதியம் தகவல் வந்தது. தாலுகா முழுக்கக் கரண்ட் இல்லை. எங்களிடம் ஜெனரேட்டர் உண்டு, வாசிக்கலாம். பார்க்கத்தான் ஒரு வீட்டிலும் டி.வி. ஓடாது. பாலு வண்டிச் சாவியை எடுத்தான். "ஜல்தி ஏறுக்கா. வாயால சொல்றதுக்குக் கரண்ட் எதுக்கு?" என்றான். அவனுக்கு மரக்காணத்தில் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது.

உப்பளத்தில் பெண்களின் வேலையை முன்னின்று பார்ப்பவர் செல்வி. விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. திரும்பிக் குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வரப்பெல்லாம் ஆட்கள். பனையோலை சுமந்து வந்து குவியல் குவியலாக மூடினார்கள். நானும் பாலுவும் எங்களால் முடிந்ததைத் தூக்கினோம். உள்ளங்கை வெடிப்பில் உப்பு பட்டு எரிந்தது எனக்கு. அவர்களுக்கு அது தினசரி.

மறுநாள் பளீரென்று வெயில். ஒரு தூறல் கிடையாது. அடுத்த வாரமே இன்னொரு எச்சரிக்கை வந்தது. இந்த முறை யார் நம்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே செல்வியைப் போனில் கூப்பிட்டேன். "சரிக்கா, மூடிக்கிறோம்" என்று வைத்துவிட்டார். அன்று கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் பாலுவும் நானும் போய்ப் பார்த்தோம். செல்வி ஓர் ஓலையை விலக்கிக் காட்டினார். உப்பு வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. போன வாரம் வீணாக அலையவிட்டதற்கு வருத்தம் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "போன வாரம் நீங்க சொன்ன மழதாங்க்கா இது, வழியில கொஞ்சம் லேட்டாயிடிச்சி."

நான் வாசித்த மழை எத்தனையோ கோடையில் பொய்த்திருக்கிறது. அதை நம்பி நின்ற மனுஷர்களில் ஒருத்தர்கூடப் பொய்க்கவில்லை என்பதால்தான் என்னால் வெளியே தலை காட்ட முடிகிறது.